சீப்பும் தலைச்சாயமும்

“பெத்தவரைக் கொண்டாந்து விட வந்திருக்கீங்களே, ராத்திரி எப்படி சார் தூக்கம் வந்துது?”

முதியோர் இல்லத்து நிர்வாகி அம்மாள் தம் வழக்கமான அர்ச்சனையைத் தொடங்கினார். யாரைச் சேர்க்க வந்தாலும், முதலில் பிள்ளையை நிற்கவைத்துக் காய்ச்சி எடுப்பார், மற்றதெல்லாம் பிறகுதான். மனம் மாறித் திரும்பிப் போனவர்களும் உண்டு. அதில் அவருக்குத் தனிப் பெருமை.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளரான பிள்ளை, தலையைத் தொங்கப்போட்டு நின்றார்.

தந்தையோ காலாட்டிக்கொண்டு, நாடகம் பார்ப்பவரைப் போல ரசித்தார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஆயுள் முழுக்கக் கரண்டி பிடித்தவர். எண்பத்தைந்து வயது, பளபளக்கும் வழுக்கை.

“நல்லாச் சொல்றீங்கம்மா. நான் பேசி இவன் ஒரு நாளும் இப்படி நின்னு கேட்டதில்ல. நிறுத்தாதீங்க.”

“இவ்வளவு தங்கமான மனுஷரை…”

“ஒரு சந்தேகம்மா. அறுபது நிறைஞ்சிருந்தாச் சேத்துக்குவீங்கதானே?”

“நீங்க அதைத் தாண்டிக் கால் நூற்றாண்டு ஆச்சே ஐயா.” அம்மாள் உருகிப்போனார்.

இல்லத்து விதிப்படி பெட்டியைத் திறந்தார். மேலாக ஒரு சீப்பு. பக்கத்தில் தலைச்சாயப் புட்டி. சீப்பைப் பார்த்தார், வழுக்கையைப் பார்த்தார்.

“அப்பா தலையில முடி இருக்கா இல்லையான்னுகூடத் தெரியாமப் பெட்டி கட்டியிருக்கீங்களே சார்.”

“பெட்டி கட்டினது நாந்தாம்மா” என்றார் பெரியவர்.

“பாருங்க, இப்பவும் உங்களை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரலை.”

பிள்ளை முனகினார். “என் மனைவிக்கு முழங்கால்ல ஆபரேஷன் மேடம். அதனாலதான் அப்பா…”

“அதனால அப்பா பாரமாயிட்டாரா? முடியாது சார். நான் சேத்துக்க மாட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணா வீட்டுக்குப் போங்க.”

பிள்ளையின் முகம் சட்டென்று மலர்ந்தது. “கேட்டீங்களாப்பா? வாங்க, போலாம்.” பெட்டி அதற்குள் அவர் கைக்கு வந்துவிட்டது.

இன்னொருவர் திருந்திவிட்டார் என்று அம்மாள் பூரித்தார்.

பெரியவர் எழுந்து, பெட்டியைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார்.

“காரியத்தைக் கெடுத்தீங்களேம்மா. எங்க ரெண்டு பேருக்கும் ஓடி ஓடித் தேஞ்ச கால் என் மருமகளோடது. இப்ப அவளுக்குக் கஞ்சி வெச்சு, மருந்து குடுத்து நான் பாத்துக்குவேன். ஆனா இந்தத் துரை உக்காந்த இடத்துலேர்ந்து ‘காபி’ன்னு ஒரு குரல் குடுத்தான்னா, என் மருமக வலியோட எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடுவா.”

“அப்போ… சேர வந்தது?”

“இவன்தான். போன மாசம் அறுபது நிறைஞ்சிடுச்சு. அவ நல்லா நடக்கிற வரைக்கும் வெச்சுக்குங்க. நடுவுல வெந்நீர் வைக்கக் கத்துக்கிட்டான்னா, முன்னாடியே அனுப்பிடுங்க.”