வீணாகாத வெளிச்சம்

கோழிக்குஞ்சுப் பெட்டியில் சூட்டுக்காகத் தொங்கிய குண்டு பல்பு மழைக்காலத்தில் ஃபியூஸ் போனது. வீட்டுக்காரர் அந்த இடத்தில் புது எல்.இ.டி. பல்பை மாட்டிவிட்டுப் போனார்.

“மாமா, குளிருது,” என்றது ஒரு குஞ்சு.

“குளிரத்தான் செய்யும். உன் பழைய மாமா குடித்த மின்சாரத்தில் முக்காலே மூணுவீசத்தைச் சூடாக்கியே வீணடித்தான், ஊதாரி! நான் கொஞ்சமாய்க் குடித்தே அதே வெளிச்சம் தருவேன்.”

“அந்த வீணுலதான் மாமா நாங்க தூங்கினோம்.”

“விவரம் கெட்டதுகளா! வெளிச்சத்தைப் பாருங்கள், என்ன வெள்ளை!”

குஞ்சுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நடுங்கின. பல்பு தன் சிக்கனத்தைப் பற்றி விடியும்வரை பேசியது. கீழே விறைத்துக் கிடந்த குஞ்சுகளின் ஒவ்வொரு தூவியையும் அதன் வெளிச்சம் மிகத் துல்லியமாகக் காட்டியது.