திறந்த மூலம்

“நான் பையனுக்குப் பெரியப்பா. இவன் என் தம்பி, பையனோட அப்பா. அது எங்க தங்கச்சி, பையனுக்கு அத்தை. நீங்க பொண்ணோட அப்பா, அம்மா. இதுக்கு மேல யாரும் வர வேண்டியதில்லை. பேசலாம்” என்றார் பெரியப்பா, பொதுக்கூட்டத்தைத் தொடங்கி வைப்பதுபோல.

பெண்ணின் அப்பா சோபாவில் நகர்ந்து இடம் விட்டார். “நீங்களும் உக்காருங்களேன்.”

“இருக்கட்டும். வீட்டுக்கு வந்தவங்க முன்னால மூத்தவன் நிக்கிறதுதான் எங்க குடும்பத்து மரியாதை.”

அப்படி ஒரு மரியாதை இருப்பது தம்பிக்கு அன்றுதான் தெரியும். ஆனாலும் தலையை ஆட்டினார். அண்ணன் சொல்லிவிட்டால் அது பரம்பரை வழக்கம்தான்.

“பையன் எந்தக் கம்பெனியில?”

“எவன் கம்பெனியிலயும் கை கட்டி நிக்கலை. வெப்சைட் செஞ்சு குடுக்கறான். அவனே முதலாளி, அவனே தொழிலாளி. புதுசா ஒரு வேலை வந்திருக்கு. அதுக்குக் காசு குடுத்து மென்பொருள் வாங்கறதா, இனாமாக் கிடைக்கறதை வச்சே ஒப்பேத்தறதான்னு கூட்டாளியோட பேசிட்டிருக்கான். முடிஞ்சதும் வந்து கும்பிடுவான்.”

பக்கத்து அறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. முதலில் வந்தது கூட்டாளியின் குரல். கண்ணாடியின் தடிமனை வைத்து வீட்டில் அவனுக்குச் சோடாபுட்டி என்று பெயர்.

“இவ்வளவு பெரிய வேலையை வச்சுக்கிட்டு ஏன்டா இன்னும் அதையே கட்டிக்கிட்டு அழற?”

“எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே திறந்த மூலம்தான். இத்தனை வருஷமா அதோடதானே உக்காந்து வேலை செய்யறேன்?” இது பையன்.

பெண்ணின் அம்மா காபிக் கோப்பையை வாயருகில் கொண்டுபோய், குடிக்காமல் திரும்பக் கீழே வைத்தாள்.

“ராத்திரியில திடீர்னு தொந்தரவு குடுத்தா யாரைக் கூப்பிடுவ? காசு கட்டினா உடனே ஒருத்தன் வந்து பார்ப்பான்.”

“மூடின மூலத்துல உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா? என்னோடதை யார் வேணும்னாலும் பார்க்கலாம். உலகம் பூரா ஆயிரம் பேர் கை வச்சுச் சரி பண்ணியிருக்காங்க!”

“ஆயிரம் பேரா?” என்றாள் பெண்ணின் அம்மா, கணவரின் காதுக்குள்.

அத்தை அவசரமாகக் குறுக்கே விழுந்தாள். “பையன் ரொம்பக் கலகலப்புங்க. எல்லார்கிட்டயும் நல்லாப் பழகுவான்.”

பெரியப்பா தங்கையை எரிப்பதுபோலப் பார்த்தார். “நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலண்ணா” என்று அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். அவர் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். தொண்டையைச் செருமினார். பிறகு பொறுக்க முடியாமல், “டேய், மெதுவாப் பேசுங்கடா!” என்று குரல் கொடுத்தார்.

“சரி பெரியப்பா!” என்றது உள்ளேயிருந்து.

“பார்த்தியா, உன் வீட்லயே எதிர்ப்பு” என்றான் சோடாபுட்டி.

“யாரு, பெரியப்பாவா? அவருக்கும் திறந்த மூலம்தான். நானே ஏத்தி விட்டேன். ஒரு தடவையாவது முனகியிருக்காரா, கேளு!”

தம்பி கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். பெண்ணின் அப்பா மெல்ல எழுந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கு இருக்கறது ஒரே பொண்ணு. இது… பரம்பரையா வர்றதா?”

பெரியப்பாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. மூன்று தலைமுறையாகக் கட்டிக் காத்த மானம் ஒரு கதவிடுக்கு வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. விறைத்த முதுகோடு நடந்துபோய்க் கதவைப் படாரென்று திறந்தார்.

“யாருக்குடா மூலம்?”

“எங்கள் மன்றத்துக்குத்தான் ஐயா!” என்று கம்பீரமாகப் பதில் வந்தது, மேசைமேல் இருந்த போனிலிருந்து.

பையன் பாய்ந்து போன்மேல் தலையணையை அமுக்கினான். “பெரியப்பா, அது தமிழ் மன்றத் தலைவர். அவருக்குத்தான் வெப்சைட். பேச்சுல ஒரு இங்கிலீஷ் வார்த்தை விழுந்தாலும் வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாராம்.” அவர் காதருகில் குனிந்து கிசுகிசுத்தான். “ஓப்பன் சோர்ஸ்! சோர்ஸுக்குத் தமிழ்ல மூலம். ஒருத்தர் எழுதினதை எல்லாரும் பார்க்கலாம், திருத்தலாம், இனாமா எடுத்துக்கலாம். உங்க கம்ப்யூட்டர்லயும் அதைத்தான் போட்டிருக்கேன்.”

“கம்ப்யூட்டர்லயா?”

“வேற எங்க?”

பெரியப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

விஷயம் கூடத்துக்கு வந்ததும் பெண்ணின் அப்பா சோபாவில் சரிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “நான் வேற பரம்பரையான்னு கேட்டுத் தொலைச்சுட்டேனே! மன்னிச்சுக்கங்க, சம்பந்தி!”

சம்பந்தி என்ற சொல் விழுந்துவிட்டது. அத்தை ஓடிப்போய்ப் புதிதாகக் காபி போட்டாள்.

“அப்ப எதைத்தான் வாங்கறது?” என்றான் சோடாபுட்டி, வாசற்படியில் நின்றபடி.

“மூடினதையே வாங்கு. நம்ம குடும்பத்துல எதையும் திறந்து காட்டற பழக்கம் இல்லை” என்று தீர்ப்புச் சொன்னார் பெரியப்பா.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனாலும் மாப்பிள்ளைக்கு மூலம் என்று தெருவில் இன்னமும் சிலர் பேசித் திரிவதாகக் கேள்வி. அது பச்சைப் பொய். பையனுக்கு அந்த வியாதி கிடையாது, அவன் அப்பாவுக்கும் கிடையாது. அந்தக் குடும்பத்தில் மூலம் இருப்பது பெரியப்பா ஒருவருக்குத்தான்.