நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நீதிமன்ற நூலகத்தின் ஏணியில் நின்றபடி வழக்கறிஞர் தீர்ப்புத் தொகுதியை வெடுக்கென உருவுகிறாள். ஜன்னல் வெயிலில் தூசி மிதக்கிறது. சடசடவென ஓடிய பக்கங்கள் முந்நூற்றுத் தொண்ணூற்றாறில் முடிந்துவிடுகின்றன. அவளுக்கு வேண்டியது நானூற்றுப் பன்னிரண்டு. "அப்படியொரு தீர்ப்பே இல்ல சார். ஏஐ இட்டுக்கட்டியிருக்கு. நாமளும் பார்க்காம மனுவுல போட்டுட்டோம்!" கீழே ஏணியைப் பிடித்திருக்கும் சீனியர் கொட்டாவி விடுகிறார். "விடும்மா. நோண்டினா நமக்குத்தான் ஆப்பு." "குழந்தைய அதோட அம்மாகிட்டேருந்து பிரிக்கிற கேஸ் சார் இது!" தொகுதியைப் பட்டென மூடுகிறாள். "பிரிச்சாச்சும்மா." அவர் ஒரு தாளை நீட்டுகிறார். காலையில் வந்த உத்தரவு. இவர்கள் போட்ட மனு ஜெயித்துவிட்டது. ஆறாவது பத்தியில் நீதிபதி ஆதாரமாகக் காட்டியிருப்பது நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.