பாராசூட் போட்ட கவுன்

"நான் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு வித்துக் காட்டு. இல்லேன்னா சனிக்கிழமை மீன் பிடிக்கப் போறதை மறந்துடு, கிளைவ்," என்று சொல்லிவிட்டு மோரின் போய்விட்டாள்.

பொண்டாட்டி விற்கும் பழைய துணி என்றாலே கிளைவுக்கு ஆகாது. செத்துப்போனவர்களின் உடுப்பைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறதே என்று அவனுக்குத் தீராத வியப்பு. இங்கிலாந்தின் ஸ்கிப்டன் ஊர் மண்டபத்தில் அன்று பழைய துணிச் சந்தை; முழுக்க அப்படிப்பட்ட கூட்டம்தான். சுருட்டி ஏற்றிய கொண்டையும் நாற்பதுகளின் கவுனுமாக, ஹிட்லரோடு போட்ட சண்டை நேற்றுதான் முடிந்தது போல அலைந்தார்கள்.

அவன் கடைக்கு வந்தது ஒரே ஒரு அம்மாள். நாலு கவுனை அள்ளிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனவள், கால் மணி நேரமாக உள்ளே முனகிக்கொண்டிருந்தாள். வாங்குகிற முனகலாகத் தெரியவில்லை.

அப்போதுதான் சிவப்புத் தொப்பிக்காரி ஒருத்தி பாய்ந்து வந்து, திரையை ஒட்டி நின்ற ஸ்டாண்டின் ஓரத்தில் தொங்கியதை உருவினாள். நீலத் துணியில் குட்டிக் குட்டியாக வெள்ளைப் பாராசூட்.

"ஐயோ! சண்டைக் காலத்துதா? ஒரிஜினலா?"

"பின்னே?" என்றான் கிளைவ். அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

கவுனை உள்பக்கம் திருப்பினாள். இடுப்போரத்து பிரஸ் பட்டனை எண்ணினாள். கழுத்துப் பட்டியில் ரேஷன் காலத்து அரசாங்க முத்திரையைப் பார்த்ததும் கவுனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு காலரை மூக்கருகே கொண்டுபோனாள்.

"ரோஜா சென்ட் அடிக்குதே?"

கிளைவ் அசரவில்லை. "அந்தக் காலத்து சென்ட்டும்மா. எண்பது வருஷமா நிக்குது பாருங்க. இப்ப விக்கிறது மத்தியானச் சாப்பாடு வரைக்குமாவது தாங்குதா?"

"அதானே! விலை என்ன? சீட்டையே காணோமே?"

மோரின் மறந்திருப்பாள். கிளைவ் வாயில் வந்ததைச் சொன்னான். "இருநூறு பவுண்டு. கொஞ்சம் பொறுத்தா போட்டுப் பாத்துட்டே வாங்கலாம். உள்ள ஆள் இருக்கு."

"வேண்டவே வேண்டாம்! அதுக்குள்ள உங்க மனசு மாறிடும்!"

நோட்டுகளை அவன் கையில் திணித்துவிட்டு, கவுனை மார்போடு அணைத்தபடி ஓடினாள். வெளியே ஒரு கார் மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டுப் பறந்தது.

கிளைவ் துணிக்கடைப் பொம்மையை இடுப்பைப் பிடித்துத் தூக்கி இரண்டு சுற்று ஆடினான். கன்னத்தில் ஒரு முத்தமும் வைத்தான். மோரின் டீக் கோப்பையோடு வந்து நின்றது அப்போதுதான்.

"பைத்தியம் பிடிச்சிடுச்சா?"

"இருநூறு! ஒரே கவுன், இருநூறு! இருபது வருஷமா கடை போடுறியே, நீ என்னைக்காவது வித்திருக்கியா? தூண்டிலை எடுத்துத் துடைச்சு வை, போ!"

மோரின் நோட்டுகளை எண்ணினாள். முகம் மலர்ந்துவிட்டது. "அடேயப்பா! எந்தக் கவுனு?"

"நீலம். பாராசூட் போட்டது."

"பாராசூட்டா? நம்மகிட்ட அப்படி ஒண்ணு ஏது?"

திரை விலகியது. போர்வை போல அதைச் சுற்றிக்கொண்டு, அந்த அம்மாள் தலையை மட்டும் நீட்டினாள்.

"எதுவும் பிடிக்கலப்பா. ஸ்டாண்டுல கழட்டிப் போட்ட என் கவுனை எடுத்துக் குடு."