அர்த்தம் எழுதாத வார்த்தை

போடி பஜார் வீட்டு முற்றத்தில் மாலை வெயில் மஞ்சளாகக் கிடக்கிறது. பழைய பேப்பர்காரர் தங்கபாண்டியின் தராசில் லில்லியின் நோட்டுகள் ஏறுகின்றன. சுந்தர்ராஜின் மகள் அவள்; இதய நோயில் இறந்து ஒரு வருஷமாகிறது. நோட்டுகள் போய்விட்டால் மனைவி சுகிர்தம் தேறிவிடுவாள் என்று சுந்தர்ராஜ் நம்புகிறார். "பாப்பா அமுக்கி எழுதியிருக்கு முதலாளி, கனமாத்தேன் இருக்கு" என்று சிரிக்கிறார் தங்கபாண்டி. அப்போது அடுப்படியிலிருந்து குரல் வருகிறது. "ஹார்ட்டி, மனமார்ந்த. ஹார்ட்லெஸ், இரக்கமற்ற. பை ஹார்ட், மனப்பாடமாக." இங்கிலீஷில் ஓரெழுத்தும் அறியாத சுகிர்தம்தான் சொல்கிறாள். பரீட்சைக்காக லில்லி தினமும் சத்தம் போட்டுப் படித்ததை, அரிசி களைந்தபடி கேட்டே அவளுக்குப் பாடமாகியிருக்கிறது. மூன்று வார்த்தைக்கு ஒருமுறை, மகளைப் போலவே நிறுத்தி மூச்சு வாங்குகிறாள். சுந்தர்ராஜ் தட்டிலிருந்து மேல் நோட்டை எடுத்துப் பிரிக்கிறார். அதே வார்த்தைகள், அதே வரிசையில். கடைசி வார்த்தைக்கு எதிரே மட்டும் இடம் காலியாக இருக்கிறது. "ஹார்ட்டன்" என்று குரல் நின்றுவிடுகிறது. ஈரக்கையோடு சுகிர்தம் நிலைப்படிக்கு வருகிறாள். "இதுக்கு அர்த்தம் சொல்லாமலே போயிட்டாளே. நீங்க படிச்சவுகதான, சொல்லுங்க." தேற்றுதல் என்று சுந்தர்ராஜுக்குத் தெரியும். அந்தக் காலி இடத்தையே விரலால் தடவுகிறார். தங்கபாண்டி எடைக்கல்லைச் சத்தமில்லாமல் இறக்கி வைக்கிறார். சற்று நின்று பார்த்துவிட்டு உள்ளே போகும் சுகிர்தம், மறுபடி முதல் வார்த்தையிலிருந்து தொடங்குகிறாள்.