தொண்ணூற்றெட்டு

நர்சிங் முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பெனிட்டாவுக்கு எதன் மீதும் நம்பிக்கையில்லாமல் போய்விட்டது. நேற்று ஒரு நோயாளியின் விரலிலிருந்து ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப் நழுவி மெஷின் அலற, அவள் பதறிப்போய் டாக்டரை ஓடிவரச் செய்தாள். வார்டே சிரித்தது. இன்றைக்கு மாசானம் என்ற நோயாளியின் மெஷின், நல்ல உடம்புக்காரருக்கு இருப்பதுபோல் ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. காலையில் மூச்சுத் திணறிய மனிதர். உதடுகள் இன்னும் நீலம் பாரித்தே கிடந்தன.

"சிஸ்டர், இவருக்கு நம்பர் சரியில்ல."

சுகந்தி சிஸ்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "தொண்ணூத்தெட்டு இருக்கு. ஒனக்கு இன்னும் என்ன வேணும்?"

புதிதாக வந்தவளைச் சோதித்துப் பார்க்கிறார்களோ என்றுகூடப் பெனிட்டாவுக்குத் தோன்றியது. மாசானத்தின் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மெத்தையில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பெனிட்டா வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் போர்வையை விலக்கினாள். கிளிப் அந்த அம்மாளின் விரலில் இருந்தது.

கோபத்தில் அவரை எழுப்பப் போனவளை மாசானத்தின் கை தடுத்தது. அவர் மாஸ்க்கைச் சற்று விலக்கினார்.

"எழுப்பிராதம்மா. நாந்தான் மாட்டிவிட்டேன். இந்த மெஷின் அலறுற சத்தத்துக்குப் பயந்து, வந்ததுலேர்ந்து அவ கண்ணே மூடல."

பெனிட்டா மாஸ்க்கைச் சரியாகப் பொருத்திவிட்டு, அந்த அம்மாள் விழித்துவிடாதபடி கிளிப்பை மெதுவாக உருவினாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

மூடிய கண்களைத் திறக்காமலேயே அந்த அம்மாள் விரலை மடக்கி, கிளிப்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.