ஒற்றைக் கம்பியின் அதட்டல்

பழைய காரில் டாங்கிலிருந்து பெட்ரோல் காட்டும் முள்ளுக்கு இரண்டு கம்பிகள் ஓடின. மின்சாரம் திரும்பிப் போக இரும்புச் சட்டமே போதும் என்று மெக்கானிக் ஒன்றைக் கழற்றி எறிந்தார்.

மிஞ்சிய கம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "இரண்டு பேர் வேலையை ஒண்டியாகப் பார்க்கிறேன். நீ என்ன கிழிக்கிறாய்?" என்று சட்டத்தைக் கேட்டது.

"சும்மா கிடக்கிறேன்," என்றது சட்டம்.

ஒருநாள் டாங்கைச் சட்டத்தோடு இணைத்த திருகாணி துருப்பிடித்து, மின்சாரம் திரும்பும் வழி அடைபட்டது. டாங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் முள் அடியில் படுத்துவிட்டது.

"என்மேல் பிசகில்லை. முள்ளுக்குத்தான் கொழுப்பு," என்று கம்பி அதட்டியது.

மெக்கானிக் துருவைச் சுரண்டித் திருகாணியை முடுக்கினார். முள் எழுந்தது.

"பார்த்தாயா, ஒரே அதட்டல்," என்றது கம்பி.

"பார்த்தேன் ஐயா," என்றது சட்டம். "பெட்ரோல் தீர்ந்தால் டாங்கையும் அப்படியே அதட்டி நிரப்பிவிடுங்கள்."